ஒரு கிலோ வே புரோட்டீன் டப்பா: இரண்டு மாதம் குடித்துப் பார்த்தபின்

டப்பாவைத் திறந்ததும் முதல் வேலை கரண்டியைத் தேடுவது. மேலே எங்கும் இருக்காது. மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினால் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். எனக்கோ அப்போதுதான் மாவுக்கட்டுப் பிரித்த வலது கை. இடது கையால் துழாவி வெளியே எடுப்பதற்குள் மூக்குக் கண்ணாடி, சேலை முந்தானை, அடுப்படித் திண்டு எல்லாம் வெனிலா வாசனை மாவு. திண்ணையிலிருந்து அத்தை கேட்டார்: "ஏளா, என்னது அது, பிள்ளைப் பெத்தவளுக்குக் கொடுக்கிற மாவா?"

நான் பாளையங்கோட்டைக்காரி, வயது 57. ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் லேபில் 26 வருஷமாக உதவியாளர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. பிரித்தபோது கை முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருந்தது. பிசியோதெரபி பார்த்த பெண் என் சாப்பாட்டை ஒரு நாள் முழுக்க எழுதி வரச் சொன்னாள். காலையில் இட்லி நாலு, மதியம் சோறும் சாம்பாரும் கொஞ்சம் தயிரும், இரண்டு காபி, இரவு தோசை. கூட்டிப் பார்த்தால் புரதம் 35 கிராமைத் தாண்டவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் வேண்டும். என் எடை 61 கிலோ. ஐம்பது கிராம் வேண்டிய இடத்தில் 35. லேபில் 26 வருஷம் புரதத்தை அளந்து கொடுத்தவள், தன் தட்டில் உள்ளதை ஒரு நாளும் அளக்கவில்லை.

ஜிம்முக்குப் போகிற மகன், "அம்மா, டெய்லி ஒரு ஸ்கூப் போதும்" என்று கடைக்குக் கூட்டிப்போனான். பாலிலிருந்து எடுக்கிற வே புரதப் பொடி, 1 கிலோ, வெனிலா, 2,640 ரூபாய். ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்று லேபிள். கம்பெனியின் பெயரையும் கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் செய்து பார்த்த சோதனை ஒருவர் பெயரைக் கெடுக்கும் அளவுக்குக் கறாரானது இல்லை. வாங்கும் முன் எந்த டப்பாவிலும் இதையெல்லாம் பார்க்கலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஸ்டார் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. எதற்கு இரண்டரை, எதற்கு மீதி போயிற்று என்பது கீழே.

முதலில் கலக்குகிற சங்கதி. சத்துமாவு பழக்கத்தில் கொதிக்கிற பாலை டம்ளரில் ஊற்றி, ஒரு ஸ்கூப்பைக் கொட்டி ஆற்றினேன். உடனே திரிதிரியாக, சில இடத்தில் ரப்பர் மாதிரி உருண்டை உருண்டையாக நின்றது. வடிகட்டினால் வடிகட்டியில்தான் பாதிச் சரக்கு. மகன் தலையில் அடித்துக்கொண்டான். "சூடு பட்டா புரோட்டீன் செத்துரும்மா, மாஸ்டர் சொல்லியிருக்காரு." செத்துப்போகிற அளவுக்கு அது உயிரோடு இல்லை. ஆனால் நடந்தது என்ன என்று சொன்னால் புரதத்தின் உருவம் பாதி புரிந்துவிடும்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை மணி கோப்பது போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். மணிகள் 20 வகை. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்ற வரிசைதான் ஒரு புரதத்தின் ஜாதகம். இன்சுலினின் வரிசையை முழுதாகப் படித்துக் காட்டிய ஃபிரெடரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. சரம் சரமாகவே கிடப்பதில்லை. சில இடத்தில் பழைய டெலிபோன் ஒயர் மாதிரிச் சுருளும். சில இடத்தில் இழை இழையாகப் பக்கத்தில் சேர்ந்து பாய் மாதிரி விரியும். அப்புறம் சுருளும் பாயும் சேர்ந்து மடிந்து ஒரு வடிவத்துக்கு வரும். அப்படி மடிந்தவை சில கூட்டுச் சேர்ந்து வேலை செய்வதும் உண்டு. ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபின் நாலு சரங்களின் கூட்டு.

வே என்பது பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் நிற்கிற பச்சை கலந்த தெளிநீர். பன்னீர் செய்யும்போது நாம் கீழே ஊற்றுவோமே, அதுதான். பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசின், அது கட்டியோடு போய்விடும். மிச்ச ஒரு பங்கு இந்தத் தண்ணீரில். அதில் பெரும்பகுதி பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற ஒன்று, 162 மணிச் சரம். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பத்தமடைப் பாயைச் சுருட்டி நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அதுதான் அதன் உருவம். 70 டிகிரியைத் தாண்டிச் சூடானால் அந்தச் சுருட்டல் கலைகிறது. உள்ளே மறைந்திருந்த ஒரு கந்தகக் கொக்கி வெளியே வந்து பக்கத்திலிருக்கும் இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறது. அது அடுத்ததை. இப்படிக் கொத்துக்கொத்தாகக் கோத்துக்கொண்டதுதான் என் வடிகட்டியில் நின்ற உருண்டை. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கட்டியாவதும் இதே குடும்பத்துக் கதை.

மணிகளைக் கோத்த நூல் எங்கும் அறவில்லை, மடிப்பு மட்டும் கலைந்தது. அதனால் சத்துக் குறையவில்லை. சொல்லப்போனால் சுருட்டல் கலையாத பீட்டா லாக்டோகுளோபுலினை வயிற்றிலுள்ள பெப்சின் என்ற செரிமான நொதியால் அவ்வளவு சீக்கிரம் கடிக்க முடியாது. சூடு பட்டு அவிழ்ந்தால் கடி விழும். அந்த உருண்டைகளை நான் ஸ்பூனால் தின்றே தீர்த்தேன், 88 ரூபாய் ஸ்கூப் ஆயிற்றே. ருசிக்காக மட்டும் ஆறின தண்ணீரில் கலக்குங்கள். டப்பாவில் "குளிர்ந்த நீர்" என்று மணல் அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள், காரணம் போடவில்லை.

இதே ஜிம் மாஸ்டரின் பையன்கள் பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றுகிறார்கள். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். வெந்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் சேர்ந்தது, பச்சையில் 51 சதவீதம்தான். பாதி வீண். அவித்துத் தின்னுங்கடா என்று மகனிடம் சொல்லி அனுப்பினேன். கேட்டார்களா தெரியாது.

அடுத்தது கடைத்தம்பி சொன்னது. "அம்மா, இது சாப்பாடு மாதிரி ஜீரணமாக வேண்டியதில்லை, நேரா ரத்தத்துல போயிரும்." டப்பாவிலும் மின்னல் படம் போட்டு, "உடனடி உறிஞ்சல்" என்று இருக்கிறது. நான் கடையில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னதை இங்கே சொல்கிறேன்.

முழுப் புரதம் ரத்தத்துக்கு நேராகப் போனால் உடம்பு அதை எதிரி என்று நினைக்கும். அதனால் எதைத் தின்றாலும் அவிழ்த்து, நறுக்கி, மணி மணியாக்கித்தான் உள்ளே விடும். மட்டனானாலும் சுண்டலானாலும் 2,640 ரூபாய் டப்பாவானாலும் வாசலில் ஒரே சோதனை. வயிற்று அமிலம் மடிப்பைக் கலைக்கும். 1836இல் தியோடர் ஷ்வான் பெயர் வைத்த பெப்சின் அங்கே முதல் வெட்டு வெட்டும். கேசின் அமிலம் பட்டதும் தயிராகத் திரண்டு வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளும், வே திரளாமல் வழிந்து போய்விடும். "சீக்கிரம்" என்பதில் இருக்கிற உண்மை இவ்வளவுதான். 1997இல் பிரான்ஸில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வே குடித்தவர்களின் ரத்தத்தில் அமினோ அமிலம் மளமளவென ஏறி இறங்கியது. கேசின் குடித்தவர்களுக்குக் குறைவாக ஏறி மணிக்கணக்கில் நின்றது. அவசர அவசரமாகத் தேவைப்படுகிற ஆள் நான் இல்லை. என் மணிக்கட்டுக்கு எந்த ரயிலையும் பிடிக்க வேண்டியதில்லை.

பெரிய வேலை சிறுகுடலில். கணையம் டிரிப்சின் என்ற இன்னொரு நொதியை உறையில் போட்ட கத்தி மாதிரி அனுப்புகிறது, இல்லையென்றால் கணையத்தையே வெட்டிவிடும். குடல் சுவரிலிருக்கும் என்டெரோகைனேஸ் என்ற ஒன்றுதான் அந்த உறையை உருவும். உருவப்பட்ட முதல் டிரிப்சின் மற்ற கத்திகளின் உறையை எல்லாம் உருவிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பழக்கம் உண்டு. டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு மணிகளுக்குப் பின்னால் மட்டும் வெட்டும். கைமோடிரிப்சினுக்கு வேறு இடம் பிடிக்கும். நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொறிப்பதற்கென்று ஒரு வகை இருக்கிறது. வகுப்பில் மாணவிகள் இதை மனப்பாடம் செய்து மறுநாள் மறப்பார்கள். எனக்கு மறக்காது, 26 வருஷம் டிரிப்சின் பாட்டிலை ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தவள் நான்தானே.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருகிறது. எல்லாம் ஒற்றை மணியாக உதிர்ந்துதான் உள்ளே போகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டு மணி, மூன்று மணி சேர்ந்த துணுக்குகளுக்குக் குடலில் தனிக் கதவு இருக்கிறது. பெப்டி 1 என்று பெயர். ஹைட்ரஜன் அயனியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு துணுக்கை அப்படியே உள்ளே விடும். குடல் செல்லுக்குள் போனபின்தான் பெரும்பாலும் அது ஒற்றை மணியாகிறது. ஒற்றை மணிகளுக்குச் சோடியத்தோடு வேலை செய்கிற வேறு கதவுகள். எல்லாம் சேர்ந்து முதலில் போவது கல்லீரலுக்கு. குடல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், கல்லீரலும் எடுத்துக்கொள்ளும். குளுட்டமேட் என்ற மணியைக் குடலே ஏறக்குறைய முழுக்க எரித்துவிடும். லியூசின் மாதிரி சில மட்டும் கல்லீரலில் அதிகம் தங்காமல் தசைப் பக்கம் போகும். வேயில் லியூசின் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது. வயதானவர்களின் தசைக்கு "கட்டத் தொடங்கு" என்று சொல்ல லியூசின் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. டப்பாவுக்கு நான் கொடுத்த இரண்டரையில் ஒன்று இதற்கு.

"ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடம்பு எடுக்காது" என்பதும் மாஸ்டர் வாக்கு. உறிஞ்சுவதற்கு அப்படி ஒரு அளவுகோல் கிடையாது. குடல் சுமார் ஆறு மீட்டர் நீளம், அதற்கு நேரம் நிறைய. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 25 கிராமையும் 100 கிராமையும் கொடுத்து ஒப்பிட்டார்கள், 2023இல் வெளியிட்டார்கள். 100 கிராம் குடித்தவர்களின் உடம்பு 12 மணி நேரத்துக்கு மேலும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதற்காக மகன் மாதிரி நாளைக்கு மூன்று ஸ்கூப் போடலாம் என்று அர்த்தமில்லை. கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேர்த்து வைக்க உடம்பில் பானை கிடையாது. கட்டுமான வேலைக்குப் போக மிஞ்சியதன் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பும். மிச்சம் எரியும், இல்லை கொழுப்பாகும்.

டப்பாவில் இன்னொரு பெருமை, "டைஜெஸ்டிவ் எண்சைம் கலந்தது". அதில் ஒன்று பாப்பெய்ன், பப்பாளிப் பால். முற்றின ஆட்டுக்கறியில் பச்சைப் பப்பாளியை அரைத்துப் பிசைந்து வைக்கிறோமே, அந்த வேலை. கணையம் ஒழுங்காக இருக்கிறவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை.

முதல் வாரம் எனக்கு வயிறு உப்பி, நாள் முழுக்க வாயு. டப்பாவைத்தான் திட்டினேன். யோசித்துப் பார்த்தால் குற்றவாளி நான் ஊற்றிய பால். 300 மி.லி. பாலில் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை 14 கிராம் பக்கம் வரும். ஒரு ஸ்கூப் வே மாவில் இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். காபிக்கு ஊற்றும் நூறு மில்லியை என் குடல் தாங்கும், 300ஐத் தாங்காது. தண்ணீரில் கலந்ததும் உபத்திரவம் நின்றது. டப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே அளவையும் அரை ஸ்கூப்பாகக் குறைத்தேன், எனக்கு வேண்டியது 15 கிராம்தானே.

இனி மார்க் போன இடம். பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது "அமினோ அமிலக் கலவை (கிளைசின், டாரின்)" என்று ஒரு வரி. லேபில் இருந்தவளுக்கு அங்கேயே மணி அடித்தது.

உணவில் புரதம் எவ்வளவு என்று பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. 1883இல் கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் கெல்டால் கண்டுபிடித்த முறை இன்றும் ஓடுகிறது. பொருளை அமிலத்தில் கொதிக்கவைத்து நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள், புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம் என்ற கணக்கில். அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கெல்டால் கேட்காது. 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். குழந்தைகள் செத்தார்கள். கிளைசின் அப்படி விஷம் இல்லை, ஆனால் விலை மலிவு. ஒரு கிராம் கிளைசின் இந்தக் கணக்கில் 1.17 கிராம் "புரதம்" என்று காட்டும். டாரின் எந்தப் புரதத்திலும் கோக்கப்படுவதே இல்லை, அதன் நைட்ரஜனும் கணக்கில் ஏறிவிடும்.

துறைத்தலைவர் மேடத்திடம் சொன்னேன். "செஞ்சு பாருங்களேன், பிள்ளைங்களுக்கும் ஒரு டெமோவா இருக்கும்" என்றார். அதனால் பையூரெட் சோதனை. காரக் கரைசலில் மயில்துத்தம் சேர்த்தால், மணிகளைக் கோத்திருக்கும் கண்ணிகளைத் தாமிரம் பிடித்துக்கொண்டு நாவற்பழக் கறை மாதிரி ஊதா ஏறும். உதிரி மணிகளுக்கு ஏறாது. கோக்காத கிளைசின் எத்தனை ஸ்பூன் போட்டாலும் குழாய் நீலமாகவே நிற்கும். ஒரு குழாயில் கிளைசின், ஒன்றில் நம் டப்பா மாவு, நாலைந்தில் அளவு தெரிந்த ஆல்புமின் புரதம். மாவுக் கரைசல் கலங்கலாக இருந்ததால் இரண்டு தடவை வடிகட்ட வேண்டியிருந்தது. அரை மணி நேரம் கழித்து, நிறத்தின் அடர்த்தியை அளக்கிற கலரிமீட்டரில் வைத்தோம். கிளைசின் குழாய் அசையவில்லை. மாவுக் குழாய் ஊதாதான், சந்தேகமில்லை, ஆனால் எதிர்பார்த்ததைவிட வெளிறல். கணக்குப் போட்டால் ஸ்கூப்புக்கு 19 கிராம் பக்கம். மறுநாள் திரும்பச் செய்தேன், 20. லேபிள் சொன்னது 24.

இது கல்லூரிக் கலரிமீட்டர், வடிகட்டலில் கொஞ்சம் போயிருக்கும். நாலு கிராமும் ஏமாற்று என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியலில் கிளைசினும் டாரினும் இருப்பதைப் பார்க்கக் கலரிமீட்டர் தேவையில்லை. கடையில் போய்க் கேட்டேன். தம்பி, "அது எக்ஸ்ட்ரா பெனிஃபிட் அம்மா" என்றான். திறந்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

போனதற்குச் சும்மா விடவில்லை, எலும்பிலும் தோலிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் டப்பா ஒன்றை நீட்டினான். முறிந்த எலும்புக்கும் தோலுக்கும் நல்லதாம். கொலாஜன் பெயரைச் சொன்னால் எனக்கு ஜி.என். இராமச்சந்திரன்தான் ஞாபகம் வரும். மூன்று சரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது என்பதை 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கோபிநாத் கர்தாவோடு சேர்ந்து சொன்னவர். மூன்றாவது மணி ஒவ்வொன்றும் கிளைசினாக இருந்தால்தான் அந்த முறுக்கு இவ்வளவு இறுக்கமாக அடங்கும். புரதச் சரம் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எதில் திரும்ப முடியாது என்று 1963இல் அவரும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட வரைபடம் எங்கள் லேப் சுவரில் மஞ்சளேறித் தொங்குகிறது. உலகத்தில் எந்தப் புரத உருவத்தைக் கண்டுபிடித்தாலும் இன்றைக்கும் அதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

அந்தக் கயிறு வயிற்றுக்குள் போனால் கயிறாகவே மணிக்கட்டுக்குப் போய்ச் சேராது. அதுவும் நறுக்கப்படும். ஓரிரு இரட்டை மணித் துணுக்குகள் ரத்தம் வரை வருவது உண்மைதான், அதற்குமேல் தோல் பளபளப்பு வரை நீட்டுவது விற்பனை. டிரிப்டோஃபேன் என்ற அவசியமான மணி கொலாஜனில் கிடையாது, அதனால் அதையே நம்பிப் புரதக் கணக்கை முடிக்கவும் முடியாது. கட்டுப் போட்டிருந்தபோது அத்தை வாரம் ஒரு தடவை ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் அல்வா மாதிரி ஆடும். கொதித்து முறுக்கு அவிழ்ந்த கொலாஜன்தான் அது. மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட அந்தச் சூப்பில் இருப்பதற்கு நான் 1,800 ரூபாய் தருவதாக இல்லை.

விலைக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லேபிளை நம்பினால்கூட இந்த டப்பாவில் ஒரு கிராம் புரதம் 3 ரூபாய் 67 காசு. எங்கள் தெருவில் முட்டை ஆறரை ரூபாய், புரதம் ஆறு கிராம், கிராமுக்கு ஒரு ரூபாய் சொச்சம். கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய்க்கு வாங்கினேன், கிராமுக்கு ஐம்பது காசுப் பக்கம். கடலையில் டிரிப்சினைத் தடுக்கிற பொருள் ஒன்று உண்டு. ஊறவைத்து நன்றாக வேகவைத்தால் அது பெரும்பாலும் போய்விடும். அரைவேக்காட்டுச் சுண்டல் வயிற்றில் கல்லாய்க் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். இட்லிக்கு உளுந்தைச் சேர்த்தவளும் பொங்கலுக்குப் பாசிப்பருப்பைச் சேர்த்தவளும் மணி எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது என் காலைத் தட்டில் இட்லி மூன்று, அவித்த முட்டை இரண்டு. சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். ஐம்பதைத் தொட்டுவிடுகிறேன். 2024இல் அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. மகனிடம் காட்டினேன். "அது பொதுவா சொல்றதும்மா" என்றான்.

அப்படியானால் டப்பா வீணா என்றால், இல்லை. புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டை, கறி எதுவும் அடுப்பேறாது. அந்த நாட்களில் அரை ஸ்கூப் கைகொடுத்தது. வேலைக்கு ஓடுகிற காலையில் சுண்டலும் அவிக்க முடியாது, இதை ஒரு நிமிஷத்தில் கலக்கிக் குடித்துவிட்டுப் பஸ் பிடிக்கலாம். கலக்கும் பாட்டிலை உடனே கழுவாவிட்டால் மட்டும் அழுகின முட்டை நாற்றம். கந்தகம் அதில் இருக்கிறது என்பதற்கு வேறு சோதனை வேண்டாம்.

மீதி ஒன்றரை ஸ்டாரை வாங்கிக் கொடுத்தது அத்தைதான். அவருக்கு வயது 81. மேல்வரிசைப் பல் கிடையாது, பல்செட்டை முருங்கைக்காய் தின்னும்போது மட்டும் மாட்டுவார், மற்ற நேரம் அநேகமாகக் கழற்றியேதான் இருக்கும். சுண்டல் மெல்ல முடியாது, முட்டை வாசனை ஆகாது. மூன்று வேளையும் கஞ்சி, ரசஞ்சோறு. உட்கார்ந்து எழும்போது கட்டில் காலைப் பிடிக்கிறார். புரதம் குறைந்த உடம்பு கைகால் தசையைத்தான் கரைத்துத் தின்னும். டாக்டரிடம் கேட்டு, கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் ராகிக் கூழ் வெதுவெதுப்பாக ஆறினதும் அரை ஸ்கூப் கரைத்துக் கொடுத்தேன். முதல் நாள் முகத்தைச் சுளித்தார். "ஐஸ்கிரீம் வாசம்லா அடிக்கி." நாலாம் நாள் டம்ளரை வழித்துக் குடித்தார்.

டப்பாவின் கடைசிக் கால்வாசி முழுக்க அவருக்குத்தான் போயிற்று. நேற்றுக் காலையில் காலி டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏளா, அந்த மாவு தீந்துட்டா?" என்று திண்ணையிலிருந்து குரல். அடுத்தது வாங்கத்தான் போகிறேன். வெனிலா இல்லாதது, சேர்மானத்தில் வே மட்டும் இருப்பது, கிளைசின் வரி இல்லாதது, அரைக் கிலோ. வேறு கடையில்.